இரண்டாவது மைக்

கணக்கு டீச்சர் போய்விட்டார் என்று தகவல் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரின் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மேல்மாடி வார்டிலிருந்து இறங்கி வந்த இளம் நர்ஸ் வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள். இவள் தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சை மருந்தில் நனைத்து, வேலையை முடித்தாள். கடைசிப் பிளாஸ்திரியை ஒட்டிய பிறகுதான் கை கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதுவும் கொஞ்சம்தான். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே, காலையிலிருந்து நின்ற நிலையில் இருந்தவளுக்கு அது எங்கே மிச்சம் இருக்கப்போகிறது?

நிற்பது அவள் தலையில் எழுதியது. வாரம் முழுக்க வார்டில் நிற்பாள். வெளிநாட்டிலிருந்து யாராவது பிரசங்கம் செய்ய வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சபையிலும் நிற்பாள். கல்யாணத்துக்கு முன்னால் சபைதான் அவளை நர்ஸ் படிப்புக்கென்று தலைமைச் சபை இருக்கிற குளிர்தேசத்துக்கு அனுப்பிவைத்தது. படிப்போடு அந்த ஊர்ப் பாஷையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு திரும்பினாள். தொண்டையில் முள் சிக்கியவர் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் பேச முயல்வது போலிருக்கும் அந்தப் பாஷை. சபையில் வேறு யாருக்கும் அதில் ஒரு வார்த்தை கூடப் பிடிபடவில்லை. ஆக, அங்கிருந்து யார் வந்தாலும் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வது அவள் வேலை என்றாகிவிட்டது.

முதல் தடவை அவளை நிறுத்தும்போதே பெரிய ரகளை. பெண்பிள்ளை மேடையில் நின்று பேசலாமா, கூடாதா? மூப்பர்கள், அதாவது சபையை நடத்துகிற பெரியவர்கள், கூடிக் கூடிப் பேசினார்கள். மூப்பர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேச்சு பிரசங்கியாருடையது, சத்தம் மட்டும்தான் இவளுடையது, வெறும் சத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மேடைக்கு ஒரு படி கீழே நிற்கச் சொன்னார்கள். அந்தப் படியில் குட்டையாக இன்னொரு மைக்கும் வந்து சேர்ந்தது. பாட்டுக்குழுவில் இருந்த குறும்புக்காரப் பெண்கள் அவளுக்கு ‘ரெண்டாவது மைக்’ என்று பேர் வைத்தார்கள். காதுபடவே சொல்வார்கள். பேர் பொருத்தமாக இருக்கும்போது கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று அவளும் சிரித்துவைப்பாள்.

கணக்கு டீச்சருக்கு மைக் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். ஒரு சமயம் சபைக்குப் போதகரே கிடைக்காமல் வருஷங்கள் ஓடின. அந்த வருஷங்களில் ஞாயிறு தவறாமல் கதவைத் திறந்தது டீச்சர். வேதத்தை வாசித்து விளக்கம் சொன்னது டீச்சர், அதுவும் மேடையில் ஏறாமல், முதல் பெஞ்சுக்கு முன்னால் வெறுந்தரையில் நின்று. நோயாளிகளைப் போய்ப் பார்த்தது, மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை ஒரே மேசையில் உட்காரவைத்தது, செத்தவர்களுக்கு ஜெபம் சொல்லிக் குழிக்குள் இறக்கியது எல்லாம் அவர்தான். பிறகு ஒரு போதகர் கிடைத்தார். மூப்பர்கள் டீச்சருக்கு நன்றி சொல்லி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அனுப்பிவைத்தார்கள்.

வாசல் சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. அதில் இதுவரை இருந்த போதகர்களின் பேர்கள் பொன்னிற எழுத்தில் வரிசையாக இருக்கும். அந்த வருஷங்களுக்கு நேரே மட்டும் ஒரு வரி காலி. சபை வரலாற்றில் அதற்குப் பேர் ‘போதகர் இல்லாத காலம்’.

டீச்சர் அந்தப் பலகையைக் கடந்துபோகும்போதெல்லாம் சிரிப்பார். “பூஜ்யத்துக்கு மதிப்பு அது எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்துதான்” என்பார். ஆனால் போன வாரம் வார்டில் படுத்திருந்தபோது அவர் சிரிக்கவில்லை. இவள் தலையணையைச் சரிசெய்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் அடக்கத்துல யாராவது ஏதாவது பேசணும்னா நீ பேசு. சுருக்கமா பேசு. பொய் மட்டும் சொல்லாத.”

அவள் சரி என்று சொல்லியிருந்தாள். டீச்சர் இருந்ததை இருந்தபடி அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சபைக்குச் செகரட்டரி வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இரும்புக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்துப் பார்த்தே முதுகு வளைந்துபோன மனுஷன். அவளுக்கு ஐம்பது தாண்டி, தலை பாதி நரைத்தாகிவிட்டது. அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். மறுநாள் காலையில் அவள் சபைக்குப் போனபோது அவர் சவப்பெட்டி வைப்பதற்கான மேசையை மேடைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர் கேட்டுக்கிட்டாங்கண்ணா, நான் பேசணும்னு.”

“எப்ப?”

“போன வாரம். வார்டுல.”

அண்ணன் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்துச் சொருகினார். அதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

“உனக்குத் தெரியாததா பாப்பா. அப்படி வழக்கம் இல்லையே.”

“இத்தனை வருஷமா அந்தப் படியில நின்னு பேசிட்டுத்தானே இருக்கேன்?”

“அது வேற. அங்க வாய்தான் உன்னோடது, வார்த்தை அவங்களோடது. இப்ப ரெண்டும் உன்னோடதா ஆயிடுமே.”

“ரெண்டும் ஒருத்திகிட்டயே இருந்தா என்ன கெட்டுப்போகும்?”

“என்கிட்ட கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? மூப்பர்ல பாதிப் பேர் எழுந்து வெளிய போயிடுவாங்க. டீச்சர் பெட்டிக்கு முன்னால சண்டை வேணுமா?” பிறகு குரலைக் கொஞ்சம் தேற்றலாக மாற்றிக்கொண்டார். “தலைமைச் சபையிலிருந்து ஒரு பெரிய போதகர் வந்திருக்கார்ல. நல்ல வேளை, அவர் ஒத்துக்கிட்டார். நம்ம போதகரே இடத்தை விட்டுக்கொடுத்துட்டார். டீச்சருக்கு எவ்வளவு பெரிய மரியாதை பாரு. நீ கூட நின்னு மொழிபெயர்த்துடு.”

மரியாதைதான். டீச்சரின் முகத்தையே பார்த்திராதவர் டீச்சரைப் பற்றிப் பேசுவார், டீச்சர் பேசச் சொன்னவள் ஒரு படி கீழே நின்று ஒப்பிப்பாள். அவள் இதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இதே மாதிரிப் பேச்சை எத்தனையோ தடவை பேசிப் பேசி, அது எங்கே தொடங்கி எங்கே போய் முட்டும் என்று அவளுக்கு மனப்பாடம். “சரிண்ணா” என்றாள். சொன்ன பிறகு, அந்தச் ‘சரி’ எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

விருந்தாளிப் போதகரைத் தங்கும் விடுதியிலிருந்து அழைத்துவருவதும் அவள் தலையில்தான் விழுந்தது. வயதானவர், உயரமானவர், பயண அலுப்பில் கண்ணுக்குக் கீழே தொங்கிப்போயிருந்தது. சபை பக்கத்துத் தெருதான் என்பதால் நடந்தே வந்தார்கள். இறந்தவரைப் பற்றி ஏதாவது சொல்லட்டுமா என்று அவள் அவருடைய பாஷையில் கேட்டாள். எல்லா அடக்கங்களுக்கும் பொருந்துகிற ஒரு செய்தி தன்னிடம் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்றார். சொன்ன விதத்தில் கர்வம் ஒன்றும் இல்லை. அவரும் களைத்துப்போனவர்தான்.

“உங்கள் சபையில் பெண்கள் பிரசங்கம் செய்கிறார்களா?” என்று கேட்டாள்.

“பல வருஷங்களாகச் செய்கிறார்களே. என் மகளே போதகர்தான்.”

“அப்படியானால் இங்கே மட்டும் ஏன் இப்படி?”

அவர் சங்கடத்துடன் கையை விரித்தார். “இது உங்கள் ஊர்ப் பழக்கம். நாங்கள் தலையிடுவது மரியாதையில்லை, அல்லவா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெண் வாயைத் திறக்கக்கூடாது என்ற சட்டத்தை முதன்முதலில் பெட்டியில் போட்டு எடுத்துவந்ததே இவருடைய ஊர்க்காரர்கள்தான் என்று மூப்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்தது என்று இவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். இவர்கள் பழக்கம் என்று அவர்கள் தொடமாட்டேன் என்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சையும் இத்தனை வருஷம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இருந்தும் அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியது இன்றைக்குத்தான்.

சபை நிறைந்திருந்தது. டீச்சரிடம் படித்தவர்கள், படித்தவர்களின் பிள்ளைகள், இன்றும் வாய்ப்பாடு தெரியாத கடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் நடு பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். சபைக்கு எதிரே துணி தைத்துக்கொடுக்கிற கடை வைத்திருப்பவள், எப்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்கும். இன்றைக்கு நாடாவைக் கழற்றிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

போதகர் இல்லாத காலத்தில்தான் தையல்காரிக்கு முதல் பிள்ளை பிறந்தது. அன்றைக்குப் பிரசவ வார்டில் வேலையில் இருந்தவள் இவள். குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது, டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஞானஸ்நானம் கொடுக்காமல் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள் என்று தாய் கதறினாள். போதகருக்கு எங்கே போவது? டீச்சர்தான் ஓடிவந்தார். மருந்து மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் எடுத்து, குழந்தையின் நெற்றியில் மூன்று தடவை தெளித்து, செய்யவேண்டிய முறைப்படிச் செய்தார். வெயில் இறங்குவதற்குள் குழந்தை போய்விட்டது. பெண்பிள்ளை கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று மூப்பர்கள் முடிவுசெய்தார்கள். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு மற்றவர்கள் நடுவில் இடம் இல்லை என்று கல்லறைத் தோட்டத்தில் பின்சுவர் ஓரமாக, குப்பை எரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். தையல்காரி அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சபைக்கு யார் புதிதாக வந்தாலும், ‘அது செல்லுமா செல்லாதா’ என்று கேட்டுவிடுவாளோ என்கிற மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாட்டு முடிந்தது. விருந்தாளி மேடையில் நின்றார். அவள் தன் படியில் போய் நின்று குட்டை மைக்கைச் சற்று உயர்த்திக்கொண்டாள். முழங்கால் வலித்தது.

“இந்தச் சகோதரியை எனக்கு நேரில் தெரியாது” என்றார் அவர். அவள் அப்படியே சொன்னாள்.

“ஆனால் கடவுளுக்குத் தெரியும்.” அதையும் அப்படியே சொன்னாள்.

“தாழ்மையுள்ள இந்தச் சகோதரி, தன் போதகர்களின் நிழலில், சத்தமில்லாமல் சிறு சிறு உதவிகள் செய்து வாழ்ந்தார்.”

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்கு வார்த்தை தடுக்கியதில்லை. எத்தனையோ பேருடைய எத்தனையோ உளறல்களைக் கண்ணை மூடிக்கொண்டு நல்ல தமிழில் ஆக்கிக் கொடுத்தவள். சபை முழுக்க அவளையே பார்த்தது. முன் பெஞ்சில் அண்ணன் புருவத்தைச் சுருக்கினார். கீழே பெட்டியில் டீச்சர் எப்போதும் போல உதட்டை அழுத்தி மூடியபடி கிடந்தார்.

“ஆனாலும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்” என்றாள் அவள் மைக்கில். “இவர் யாருடைய நிழலிலும் நின்றவர் இல்லை. உங்களுக்கு நிழல் கொடுக்க ஆளே இல்லாத வருஷங்கள் இருந்தன. அந்த வருஷங்களில் வெயிலில் நின்றவர் இவர்.”

விருந்தாளி அடுத்த வாக்கியத்துக்குப் போனார். மண்ணில் விழுகிற கோதுமை மணியைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் காதில் அது விழுந்தது, ஆனால் வாய் வேறு வழியில் போய்விட்டிருந்தது. “ஞாயிறு தவறாமல் இந்தக் கதவைத் திறந்தவர் இவர். இதோ, இந்தத் தரையில் நின்றுதான் உங்களுக்கு வேதத்தை விளக்கினார். வாசல் பலகையில் ஒரு வரி காலியாக இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அது காலியாக இருந்த காலம் இல்லை. பேர் எழுத மனசு வராத காலம்.”

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடியது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர் பலகையைக்கூடக் கவனித்திருக்கிறாரே என்று ஒரு மூப்பர் பக்கத்திலிருந்தவர் காதில் சொல்வது தெரிந்தது. விருந்தாளி கல்லறையின் இருட்டைப் பற்றிச் சொன்னபோது அவள், “டீச்சரிடம் ஒரு தடவைகூடக் கணக்கில் ஃபெயில் ஆகாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்” என்றாள். ஒரு கையும் மேலே போகவில்லை. முதலில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு சபையே சிரித்தது. அண்ணன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லறை என்றதும் சிரிக்கிற ஜனங்களைப் பார்த்து விருந்தாளி ஒரு கணம் திகைத்து நின்றார். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் தொடர்ந்தார். சாவு என்பது நாம் எல்லாரும் ஒரு நாள் கடக்க வேண்டிய நதி என்றார். தண்ணீர் என்ற சொல் வந்ததும் அவளுக்கு டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது.

“ஒரு குழந்தை மூச்சுவிட முடியாமல் பிறந்தது” என்றாள். சபை அடங்கிப்போனது. “தாய் ஞானஸ்நானம் கேட்டாள். கொடுக்க ஆள் இல்லை. டீச்சர் டம்ளரில் தண்ணீர் எடுத்து ஞானஸ்நானம் கொடுத்தார். பெண் கொடுத்தது செல்லாது என்றார்கள். அந்தக் குழந்தை இன்றும் சுவரோரம் தனியாகக் கிடக்கிறது. அது செல்லும். நான் சொல்கிறேன், அந்த ஞானஸ்நானம் செல்லும்.”

பெண்கள் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அவளுக்குத் தையல்காரி பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. விருந்தாளி ஆமென் என்றார், அவளும் ஆமென் என்றாள். இந்த ஒரு வார்த்தைதான் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது.

டீச்சரை மண்ணில் இறக்கிவிட்டு வந்த பிறகு சபைக் கூடத்தில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். விருந்தாளியைச் சுற்றி மூப்பர்கள் மொய்த்துக்கொண்டார்கள். அண்ணன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சொல்லு பாப்பா. டீச்சர்கூட இருந்து பார்த்த மாதிரியே பேசினார்னு சொல்லு. எங்க எல்லார் மனசையும் உலுக்கிட்டார்னு சொல்லு.”

அவள் சொன்னாள். விருந்தாளி அவளையே உற்றுப் பார்த்தார்.

“நான் கல்லறையைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் ஏன் சிரித்தார்கள்?” என்று கேட்டார். “கடைசியில் அந்தப் பெண்கள் ஏன் அப்படி அழுதார்கள்? நான் பத்து வார்த்தை சொன்னால் நீங்கள் ஐம்பது வார்த்தை சொன்னீர்கள். என்ன பேசினீர்கள்?”

“என்ன சொல்றார்?” என்றார் அண்ணன்.

ரொம்பச் சந்தோஷம் என்கிறார் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த அறையில் அவள் சொன்னால்தான் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. ஆனால் பொய் மட்டும் சொல்லாதே என்று சொன்னவரை இப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருக்கிறாள், செருப்பில் ஈர மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் விருந்தாளியிடம் அவருடைய பாஷையில் நடந்ததைச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் கப்பைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் பெருமூச்சு விட்டார்.

“அப்படியானால் இந்த நன்றி எனக்குரியது இல்லை. அது உங்கள் பேச்சு என்று இவர்களிடம் சொல்லுங்கள்.”

“நன்றி தனக்கில்லைன்னு சொல்றார்” என்றாள் அவள் மூப்பர்களைப் பார்த்து. “பேசினது அவர் இல்லைன்னு சொல்றார். நான் பேசினதாம்.”

மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் மெய்மறந்து தலையை ஆட்டினார். “பாத்தீங்களா பணிவை? எவ்வளவு பெரிய மனுஷன். மொழிபெயர்த்த பொம்பளைக்கு விட்டுக்கொடுக்கிறார் பாருங்க.”

“இல்லைங்க, நெஜமாவே நான்தான்...”

“அவர் பணிவைப் பாராட்டினோம்னு சொல்லும்மா” என்றார் மூத்தவர்.

அவள் அதையும் மொழிபெயர்த்தாள். விருந்தாளி இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். கையை ஆட்ட ஆட்ட அவருடைய பணிவு அவர்கள் கண்ணில் இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவர் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் வாய் வழியாக அல்லாமல் அவருக்கும் வேறு வழி கிடையாது. அந்த வாயை நம்ப அங்கே ஆளும் இல்லை.

அண்ணன் மட்டும் அந்தப் பாராட்டில் சேராமல் நின்றார். அவளைக் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனார்.

“ஃபெயில் ஆனவங்க விஷயம் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு பாப்பா. அந்த ஊர்க்காரருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?” குரலைத் தாழ்த்தினார். “திரும்பத் திரும்ப நான்தான்னு சொல்லாத. அவர் சொன்னதாவே இருக்கட்டும். அப்பத்தான் இன்னைக்கே மூப்பர்கிட்ட பேசி, பலகையில டீச்சர் பேரை எழுதிடலாம். அந்தப் பிள்ளையோட குழியையும் நடுவுக்கு மாத்திடலாம். தலைமைச் சபைக்காரர் வாயால வந்ததுன்னா யாரும் மூச்சு விடமாட்டாங்க. நீ சொன்னதுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்.”

அண்ணன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எல்லா நாளும் அண்ணன் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். அவளுக்கு அலுத்துப்போனதே அந்த நியாயம்தான். ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டுமென்றால், அதைச் செய்தவள் முதலில் காணாமல் போக வேண்டும். டீச்சர் அப்படிப் போனார். இன்றைக்கு டீச்சர் பேர் பலகையில் ஏற, இவள் போக வேண்டும். அந்தப் பலகையைத்தான் டீச்சர் விரும்பியிருப்பாரா என்றும் தோன்றியது.

“யோசிச்சு சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த சமையலறைக்குப் போனாள்.

அங்கே பெண்கள் கப் கழுவிக்கொண்டிருந்தார்கள். சபையில் எந்தக் காரியம் நடந்தாலும் கடைசியில் இந்தத் தொட்டியில்தான் வந்து முடியும். பாட்டுக்குழுவில் மூத்தவளான பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு நின்றாள்.

“உக்காருங்கக்கா” என்றாள் தையல்காரி, ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு. “எவ்வளவு நேரமா நிக்கிறீங்க.”

அவள் உட்கார்ந்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றவர்களை விட்டுவிடலாம், தையல்காரியை ஏமாற்ற முடியாது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பிள்ளை விஷயம். செல்லும்னு சொன்னது அவர் இல்லை.”

தையல்காரி கப்பைக் கவிழ்த்து வைத்தாள். “தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“டம்ளர்னு சொன்னீங்களே. அந்த டம்ளரைப் பார்த்தது மூணே பேரு. டீச்சர், நான், நீங்க.” நுரைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எத்தனையோ பெரிய ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. யாராவது ஒருத்தர் செல்லும்னு சொல்லமாட்டாரான்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியா பார்த்துட்டு இருந்தேன். பக்கத்துலயே நின்ன உங்ககிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நீங்க சொன்னீங்க. எனக்கு அது போதும்.”

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரித் தொட்டியில் மிச்சம் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. பெரியம்மா ஈரமில்லாத துணி ஒன்றைத் தேடி எடுத்து அவள் மடியில் போட்டாள்.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, அது பெண்கள் இடம்.

“மூப்பர் எல்லாம் உக்காந்திருக்காங்க பாப்பா. என்ன சொல்லட்டும்?”

“நான் பேசினதுன்னு சொல்லுங்க.”

“அப்ப பலகை?”

“அந்த வரி அப்படியே காலியா இருக்கட்டும்ணா. அது யாரோட இடம்னு இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

அண்ணன் தையல்காரியைப் பார்த்தார். அவள் தொட்டிப் பக்கம் திரும்பி, “குழியெல்லாம் யாரும் தோண்ட வேண்டாம். எம்பிள்ளை தூங்கட்டும்” என்றாள்.

“இனிமே அந்தப் படியில உன்னை நிக்கவிட மாட்டாங்க” என்றார் அண்ணன். அதில் மிரட்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“எனக்கும் முட்டி வலிக்குதுண்ணா. விடலைன்னா உக்காந்து கேட்டுக்கறேன்.”

அண்ணன் வளைந்த முதுகோடு மூப்பர்கள் இருந்த அறைப் பக்கம் நடந்தார். உள்ளே போய் உண்மையில் என்ன சொல்வார் என்று அவளுக்கு நிச்சயமில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் தெம்பில்லை.

பெரியம்மா துடைத்த கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நல்ல வேலை பண்ணின போ. நான் போற அன்னைக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் வரணும், நீ பக்கத்துல நின்னு என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லணும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். இப்ப எனக்கு யாரு இருக்கா?”

“எனக்கும் அதே நெனப்புதான்” என்றாள் கப் அடுக்கிக்கொண்டிருந்த இன்னொருத்தி. “வெளிநாட்டுக்காரர் வர்ற மாசமாப் பார்த்துப் போகணும்னு இருந்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சாவு வீட்டுக் களைப்பில், சத்தம் வெளியே போய்விடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைக்கும்போது ஒரு எண்ணம் குறுக்கே வந்தது.

“எல்லாருக்கும் சரி. என் பெட்டிக்குப் பக்கத்துல யாரு நிப்பா?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரி அதை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“நான் நிக்கிறேன்.”

“உனக்குத்தான் அவங்க பாஷை ஒரு வார்த்தையும் தெரியாதே?”

“வர்றவருக்கு மட்டும் உங்களைத் தெரியுமா என்ன?” என்றாள் தையல்காரி.